இறங்குவழி, ஏறுவழி

என் சித்தப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் 28 வருஷம் லேத் ஓட்டியவர். எட்டு மணி நேர ஷிப்ட்; மாற்று ஆள் வராத நாளில் பன்னிரண்டு. வீட்டுக்கு வந்ததும் அவர் செய்யும் முதல் காரியம், தாழ்வாரத்தில் மல்லாந்து படுத்து இரண்டு குதிகாலையும் சுவரில் ஏற்றி வைப்பதுதான். கெண்டைக்காலில் பச்சையும் நீலமுமாகப் புடைத்து நெளிந்து கிடக்கும் நரம்புகள், கொஞ்ச நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் அமுங்கிப் போகும். சிறுவயதில் எனக்கு அது வித்தை மாதிரி இருக்கும். எழுந்து நின்றால் மறுபடி புடைத்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆவடிப் பக்கம் செக்யூரிட்டி வேலை பார்த்து ஓய்ந்தவர். சர்க்கரை உண்டு, பீடியும் உண்டு. அவருக்கும் கால் வலிதான். ஆனால் நடந்தால் கெண்டைக்காலைக் கவ்விப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். ராத்திரியில் பாதம் எரியும். கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டால்தான் கண் அசரும்.

சித்தப்பாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த இறுக்கமான நீளக் காலுறை நன்றாகக் கேட்டது. பழைய ஜோடி ஒன்றைத் துவைத்துக் காயவைத்து, ஒருநாள் மதிலுக்கு மேலே நீட்டினார். "இதப் போட்டுக்கோங்கண்ணே. எனக்கு நல்லா கேக்குது. ராத்திரி படுக்கறப்போ காலைத் தூக்கித் தலகாணி மேல வச்சுக்கங்க."

நல்ல மனசோடு சொன்ன இரண்டு யோசனைகள். இரண்டுமே அந்தக் காலுக்கு ஆகாதவை. மூன்றாவது வாரம் பெரியவரின் சுண்டுவிரல் கருக்கத் தொடங்கியது. காலுறைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலுக்கு ரத்தம் போவது வருஷக்கணக்காகக் குறைந்துகொண்டே வந்திருந்தது. ஆனால் வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சத்தையும் அது நெரித்திருக்கும். சித்தப்பாவுக்கு அந்த உறுத்தல் இன்றைக்கும் போகவில்லை. இந்தக் கட்டுரை எழுதப்படுவதும் அதனால்தான்.

குழப்பத்துக்கு நம் பேச்சுவழக்கும் ஒரு காரணம். 'நரம்பு' என்ற ஒரே சொல் எத்தனை சுமைதான் தாங்கும்? மூளையின் செய்தியைக் கொண்டு போவதும் நரம்பு, தோலுக்கடியில் நீலமாக ஓடும் ரத்தக்குழாயும் நரம்பு. ஊசி போட வரும் நர்ஸ் "நரம்பு கிடைக்க மாட்டேங்குது" என்கிறார். வெரிகோஸ் வெயின் 'நரம்பு சுருட்டல்' ஆகிவிடுகிறது. கால் மரத்துப்போனாலும் நரம்பு, வீங்கினாலும் நரம்பு, நடக்க முடியாவிட்டாலும் நரம்பு. பள்ளிப் பாடநூல் அழகாகப் பிரித்துத்தான் கொடுத்திருக்கிறது: நரம்பு, தமனி, சிரை. பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் அந்தச் சொற்களை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

தமனி என்பது இறங்குவழி. இதயம் தள்ளிவிடும் ரத்தம், ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு இதன் வழியே பாதம்வரை போகிறது. சிரை என்பது ஏறுவழி. வேலை முடித்த ரத்தம் இதன் வழியாக மேலே திரும்ப வேண்டும். இறங்குவழிக்கு இதயத்தின் தள்ளுவிசை இருக்கிறது. ஏறுவழிக்கு அது ஏறக்குறைய இல்லை. தந்துகிகளின் மெல்லிய வலைக்குள் புகுந்து வெளியே வருவதற்குள் அந்த வேகம் தீர்ந்துவிடுகிறது. அப்படியானால் கணுக்காலிலிருந்து நெஞ்சுவரை, நாலடி உயரத்துக்கு ரத்தத்தை ஏற்றுவது யார்?

கெண்டைக்கால் தசைதான். ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் அது சுருங்கி, உள்ளே ஓடும் ஆழ்சிரைகளைப் பிழிகிறது. பிழிந்த ரத்தம் மேலே போகிறது. தசை தளரும்போது அது கீழே விழுந்துவிடாமல் இருக்கச் சிரைக்குள்ளே மெல்லிய இதழ்க் கதவுகள் இருக்கின்றன. கிணற்று மோட்டார் வைத்திருக்கும் வீடுகளில் ஃபுட் வால்வு என்றால் விளக்கவே வேண்டாம். குழாயின் அடியில் அது சரியாக மூடினால்தான் ஏறிய தண்ணீர் நிற்கும். அது தேய்ந்துபோனால் இரவெல்லாம் தண்ணீர் இறங்கிவிடும். காலையில் மறுபடி தண்ணீர் ஊற்றித்தான் மோட்டாரை எடுக்க வைக்க வேண்டும். காலில் இப்படிப்பட்ட வால்வுகள் ஒன்றல்ல, வரிசையாக இருக்கின்றன.

இதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கையைத் தொங்கப் போட்டால் புறங்கையில் ஒரு சிரை புடைக்கும். விரல்கள் இருக்கும் பக்கத்தில் அதை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் மணிக்கட்டை நோக்கி வழித்துவிடுங்கள். வழித்த விரலை எடுத்த பிறகும், வால்வுக்குக் கீழே உள்ள துண்டு காலியாகவே கிடக்கும். மேலிருந்து ரத்தம் இறங்கி வராது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து குபுக்கென்று நிரம்பும். 1603-ல் பதுவா நகரில் ஃபேப்ரீசியஸ் இந்த வால்வுகளைப் படம் வரைந்து புத்தகமாக்கினார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, 1628-ல் ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று நிறுவியபோது காட்டிய சோதனைகளில் இதுவும் ஒன்று. நானூறு வருஷமாகியும் இதைவிடச் செலவில்லாத பரிசோதனை வரவில்லை.

அசையாமல் நிற்கும் ஒருவரின் பாதச் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம். இதயத்திலிருந்து பாதம்வரை நிற்கும் ரத்தத்தின் எடை அது. அவர் நடக்கத் தொடங்கினால் சில எட்டுகளிலேயே 20, 30 என்ற அளவுக்கு இறங்கிவிடும். நடை சிரைக்குக் கேடு செய்வதில்லை, நிற்றல்தான் செய்கிறது. லேத் முன்னால், துணிக்கடையில், ஓட்டல் அடுப்படியில், பட்டறையில், ஏ.டி.எம். வாசலில் ஆடாமல் அசையாமல் நிற்கும் கால்களில் அந்த 90 மணிக்கணக்காக நிற்கிறது. குடும்ப வழியாகவே சிரைச் சுவர் தளர்ந்தவர்களுக்கு, பிள்ளை பெற்ற பெண்களுக்கு, உடல் பருத்தவர்களுக்கு வால்வு சீக்கிரம் விலகுகிறது. ஒரு வால்வு கசிந்தால் அதன் பாரமும் கீழே உள்ளதன்மேல் விழுகிறது. சிரை அகன்று, நீண்டு, இடம் போதாமல் சுருண்டுகொள்கிறது.

சுருண்ட சிரை பார்க்கத்தான் அசிங்கம், ஒன்றும் செய்யாது என்று பலர் விட்டுவிடுவார்கள். பலருக்கு அது உண்மையும்கூட. சித்தப்பாவுக்கு அப்படி நிற்கவில்லை. உள்கணுக்காலுக்குச் சற்று மேலே அரிப்பு வந்தது. பிறகு தோல் செம்பழுப்பானது. அந்த நிறம் ஏறக்குறைய துருவின் நிறம், காரணமும் அதுவே: அழுத்தம் தாங்காமல் நுண்குழாய்களிலிருந்து கசிந்த சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றின் இரும்பு தோலில் தங்கிவிடுகிறது. இரும்பு சீவிப் பிழைத்த மனிதரின் காலில் அவருடைய சொந்த இரும்பே படிந்துபோனது. பிறகு சின்ன இடி, சின்னப் புண். ஏழு மாதம் ஆறவில்லை. களிம்பு மாற்றி மாற்றிப் போட்டார்கள். எந்தக் களிம்பும் 90-ஐக் குறைக்காது. கடைசியில் ஆற்றியது கட்டுதான்: கணுக்காலில் இறுக்கமாகத் தொடங்கி முழங்கால் நோக்கித் தளர்ந்துகொண்டே போகும் கட்டு. கூடவே, காலை உயர்த்தி வைப்பது. வால்வு விலகிய சிரையை உள்ளிருந்தே லேசராலோ ரேடியோ அலையாலோ சூடாக்கி அடைத்துவிடும் சிகிச்சை இப்போது பரவலாக இருக்கிறது. மேலோட்டமான சிரையை அடைத்தால் ரத்தம் எங்கே போகும் என்று சித்தப்பா கேட்டார். சரியான கேள்வி. காலின் பெரும்பகுதி ரத்தத்தை ஆழ்சிரைகள்தாம் கொண்டுபோகின்றன. மேலே கெட்டுப்போனதை மூடினால் சுமை குறைகிறதே தவிர வழி அடைபடுவதில்லை.

உட்கார ஒரு ஸ்டூல் இருந்திருந்தால்? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்து கொள்ள வசதி இருக்க வேண்டும் என்றது. சித்தப்பா பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட வரி. 28 வருஷத்தில் தன் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலை அவர் பார்த்ததில்லை. கடைகளில் நின்றவர்களுக்கு அந்த வரிகூட வெகுகாலம் இல்லை. கோழிக்கோட்டில் பி. விஜியின் 'பெண்கூட்டு' அமைப்பும் துணிக்கடைப் பெண்களும் போராடிய பிறகு கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு 22-அ என்ற புதுப் பிரிவு 2021 செப்டம்பரில் சட்டமன்றத்துக்கு வந்து நிறைவேறியது: ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியருக்கும் இருக்கை. பாடியிலும் பூந்தமல்லியிலும் கடைக்குப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இருக்கும் கடைகளும் இருக்கின்றன. அதில் பெரும்பாலும் துணிப்பைதான் உட்கார்ந்திருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். காலைத் தொங்கவிட்டு ஆறு மணி நேரம் நாற்காலியில் அசையாமல் இருந்தாலும் பிழியும் தசை தூங்கித்தான் கிடக்கும். எஸ்டேட்டில் பட்டறை இருந்த இடங்களில் இன்று எழும்பியிருக்கும் கண்ணாடி அலுவலகங்களுக்கு அது பொருந்தும். நிற்கிறவருக்கும் இருக்கிறவருக்கும் மருந்து அசைவுதான்: அரைமணிக்கு ஒருமுறை குதிகாலை இருபது தடவை ஏற்றி இறக்குவது.

இனி பெரியவரின் கால். அது இறங்குவழிக் கோளாறு. போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து குழாய் குறுகிப் போவதை இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாரும் பார்த்திருப்போம். தமனி அடைப்பை விளக்க அதைத்தான் சொல்வார்கள். உவமை பாதிதான் சரி. கொழுப்பு குழாயின் உட்பரப்பில் ஒட்டுவதில்லை. சர்க்கரையும் புகையும் உயர் ரத்த அழுத்தமும் தமனியின் உள்தோலைப் புண்படுத்த, கொழுப்பு சுவருக்குள்ளேயே புகுந்து, அங்கே அழற்சி கிளம்பி, சுவர் உள்பக்கமாகத் தடிக்கிறது. அதனால்தான் குழாயைக் கழுவுவதுபோல அதைக் கழுவிவிட முடிவதில்லை.

உட்கார்ந்திருக்கும் தசைக்குக் குறுகிய தமனி தரும் ரத்தமே போதும். நடக்கும்போது தேவை பல மடங்காகிறது, வரத்து கூடுவதில்லை. தசை வலியில் கத்துகிறது. நின்றால், உட்காரக்கூட வேண்டாம், வெறுமனே நின்றால், சில நிமிஷத்தில் அடங்கிவிடுகிறது. முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்பட்டு வரும் கால் வலியும் நடந்தால்தான் வரும். ஆனால் அதற்கு நின்றால் போதாது, குனியவோ உட்காரவோ வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்டே பல மருத்துவர்கள் பாதி வழி வந்துவிடுவார்கள். அடைப்பு முற்றினால் படுத்திருக்கும்போதே பாதத்துக்கு ரத்தம் எட்டாது. காலைத் தொங்கப் போட்டால் புவியீர்ப்பு கொஞ்சம் இழுத்துத் தருகிறது. பெரியவர் இரவெல்லாம் காலைத் தொங்கப் போட்டிருந்தது அதனால்தான். அந்தக் காலைத் தலையணைமேல் தூக்கி வைக்கச் சொன்னோம்.

இது யாருக்கோ எங்கோ வருவதும் அல்ல. எஸ்டேட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது திருமங்கலம். அங்கும் தி.நகர்ப் பகுதியிலும் டாக்டர் வி. மோகன் குழுவினர் 1990-களில் நடத்திய சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வில் கால் தமனிகளையும் அளந்தார்கள். 2000-ல் வெளிவந்த முடிவு: மொத்தத்தில் 3.2 சதவீதம் பேருக்கு அடைப்பு. சர்க்கரை உள்ளவர்களில் 6.3 சதவீதம். சர்க்கரையோ கூடிக்கொண்டே வருகிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. சர்க்கரையே இல்லாத இளைஞருக்கும் கால்விரல் கருகும் நோய் ஒன்று உண்டு. 1908-ல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் லியோ பர்கர் விவரித்ததால் அவர் பெயரைத் தாங்கியது. அந்த நோய் வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லாருமே புகைப்பவர்கள். பீடியை அடியோடு விட்டவருக்குக் கால் தப்புகிறது. ஒன்றிரண்டாகக் குறைத்தவருக்குத் தப்புவதில்லை.

எந்த வழி கெட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு விரல் போதும். கட்டைவிரலைத் தூக்கினால் பாதத்தின் மேல் ஒரு தசைநாண் எழும்பும். அதற்குச் சற்று வெளிப்பக்கம், பாதத்தின் மேட்டில், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் லேசாகப் படட்டும். அழுத்தாதீர்கள், அழுத்தினால் அமுங்கிவிடும். அங்கே நாடி துடிக்கும். இன்னொன்று உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால், குழிவில். சிலருக்கு மேல்நாடி பிறவியிலேயே இருக்காது. ஆனால் இரண்டுமே கிடைக்கவில்லை, பாதம் சில்லிட்டிருக்கிறது, விரலில் முடி உதிர்ந்திருக்கிறது என்றால் தாமதிக்கக் கூடாது.

மருத்துவர் அதை எண்ணாக்கிவிடுவார். கையடக்க டாப்ளர் கருவியைக் கணுக்காலில் வைத்து ரத்த அழுத்தம் பார்த்து, அதைக் கையின் அழுத்தத்தால் வகுக்கிறார்கள். 0.9-க்கு மேல் இருக்க வேண்டும். பெரியவருக்குக் கையில் 150, கணுக்காலில் 66: 0.44. இவ்வளவு குறைந்த காலில் இறுக்கும் காலுறை ஏறவே கூடாது. நாள்பட்ட சர்க்கரையில் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி விறைத்து இந்த எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டுவதும் உண்டு. அப்போது கட்டைவிரலில் அளப்பார்கள். பத்து நிமிஷ வேலை. காலுறை விற்கும் எந்த இடத்திலும் இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது என்பேன்.

புண் இருக்கும் இடமும் பேசும். சிரைப் புண் உள்கணுக்காலுக்கு மேல், ஈரமாக, அகலமாக. தமனிப் புண் விரல் நுனியிலும் குதிகாலிலும், காய்ந்து, கருத்து. சர்க்கரையால் உணர்ச்சி மரத்த பாதத்தில் வலியே இல்லாமல் வரும் புண் மூன்றாவது வகை, அதுதான் நம்மை அதிகம் ஏமாற்றுவது. மத்தியான வெயிலில் திருவேற்காட்டிலோ மாங்காட்டிலோ வெறுங்காலோடு கல் தரையில் பிராகாரம் சுற்றுகிறவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. அம்மனைக் காலையில் சுற்றலாம். வீட்டுக்கு வந்ததும் ஒருவர் உட்கார்ந்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். வெந்நீர் ஒத்தடமும் இதே கதைதான். சூடு தெரியாத காலில் ஒத்தடம் தீக்காயமாகிறது.

ஒற்றைக்கால் திடீரென்று வீங்கி, கெண்டை கனத்து வலித்தால் அது வேறு அவசரம். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அறுவைசிகிச்சைக்குப் பின், பிரசவத்தை ஒட்டி, படுக்கையில் கிடந்த பின், நெடும் பயணத்துக்குப் பின் வரும். இதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு நீவினால், உறைகட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் ஆளையே கொண்டுபோய்விடும். நீவக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனை. மூச்சு வாங்கினால் 108. (இரண்டு காலும் ஒருசேர வீங்கினால் இதயம், சிறுநீரகம், ஈரல் மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கும்; காலோடு நிற்கிற விஷயம் அல்ல.)

அடைபட்ட தமனியைத் திறக்கும் கதை காலில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1964 ஜனவரி 16-ஆம் தேதி, அமெரிக்காவின் போர்ட்லாண்டில், கால்விரல்கள் கருகிய 82 வயதுப் பெண் ஒருவர் காலை எடுக்க மறுத்துவிட்டார். சார்லஸ் டாட்டர் என்ற கதிரியல் மருத்துவர் தொடைத் தமனிக்குள் ஒன்றைவிட ஒன்று பருத்த குழல்களைச் செலுத்தி அடைப்பை விலக்கினார். பாதம் சூடாயிற்று. அந்தப் பெண் சாகும்வரை தன் இரு கால்களில் நடந்தார். அடைப்பைத் திறக்கும் பலூன் இதயத்துக்குப் போனது அதற்குப் பதின்மூன்று வருஷம் கழித்து, 1977-ல். அந்த வரிசை தற்செயல் என்றாலும் ஒன்றைச் சொல்கிறது: கால் தமனியில் அடைப்புள்ளவருக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயமும் கூடவே இருக்கிறது. காலைப் பார்க்க வந்தவருக்குக் கொழுப்பு மாத்திரையும் ஆஸ்பிரினும் எழுதித் தருவது அதற்காகத்தான்.

பெரியவருக்கும் பலூன் வைத்தார்கள். சுண்டுவிரல் போயிற்று, பாதம் நின்றது. பீடியும் போயிற்று. புண் ஆறிய பிறகு மருத்துவர் கொடுத்தது ஒரு நடைக் கணக்கு: வலி வரும்வரை நட, தாங்க முடியாமல் ஆகும்போது நில், விட்டதும் நட, ஒரு தடவைக்கு முக்கால் மணி, வாரத்தில் மூன்று நாளாவது, குறைந்தது மூன்று மாதம். அதற்குள் சின்னச் சின்னச் சுற்றுவழித் தமனிகள் கொஞ்சம் விரியலாம். அதைவிடப் பெரிதாக, கிடைக்கிற ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்கத் தசை கற்றுக்கொள்கிறது.

தொடங்கியபோது வாசலிலிருந்து மூன்றாவது விளக்குக்கம்பம்வரைதான் போக முடிந்தது. அடுத்த மாதம் ரேஷன் கடை. இப்போது பிள்ளையார் கோயில் தாண்டி டன்லப் பஸ் ஸ்டாப்வரை ஒரே ஒரு நிறுத்தம். துணைக்குச் சித்தப்பா போகிறார், புதுக் காலுறை மாட்டிக்கொண்டு. கெண்டை கவ்வியதும் பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் காலுக்கு அந்த நிற்றல்தான் ஓய்வு. சித்தப்பா காலுக்கு நிற்றலே ஆகாது. அவர் பக்கத்திலேயே அதே சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, பெரியவர் "ம், போலாம்பா" என்று சொல்லும்வரை எண்ணிக்கொண்டிருப்பார்.